காட்டுயிர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளோடு வண்டலூர் போகும்போதும், ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் கடற்கரையில் நடக்கும்போதும் என்னிடம் வருகிற கேள்விகள் இவை. புலியைப் பற்றியும் யானையைப் பற்றியும் கேட்பவர்கள் நிறைய. அவற்றுக்குச் சோறு போட்டுச் சாணி அள்ளி, உடம்பு சரியில்லாதபோது ராத்திரி கண்விழிக்கிற ஆட்களைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால் அந்தக் கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

நம்ம ஊர்ப் பக்கம் உயிரியல் பூங்கா இருக்கிறதா?

வண்டலூர் மாதிரி பெரிய பூங்கா கடலூரிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காதான். 1855-இல் சென்னை நகருக்குள் தொடங்கிய பூங்கா, இடம் போதாமல் 1985-இல் வண்டலூருக்கு மாறியது. இப்போது 602 ஹெக்டேரில் காடும் அடைப்புகளுமாகப் பரந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வரும். அது 1976-இல் தொடங்கியது.

ஆனால் காட்டுயிரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பூங்காவுக்குள் மட்டும் இல்லை. சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் முதலை பிடிக்க வரும் வனத்துறை ஊழியர்களும், நம் கடலோரத்தில் ஆமை முட்டைகளுக்குக் காவல் இருக்கிறவர்களும், பறவைகள் வந்து தங்கும் ஊசுடு ஏரியைக் கண்காணிக்கிறவர்களும் செய்வது இதே வேலையைத்தான். அவர்களையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

ஒரு விலங்குக் காப்பாளருக்குக் காலையில் முதல் வேலை என்ன?

எண்ணுவது. துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் எண்ணிக்கை சரியா, பூட்டுகள் சரியா, வேலி எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நேற்று இருந்த இருபது மான் இன்றைக்கும் இருபதுதானா? ஒன்று குறைந்தால் அது புதருக்குள் குட்டி ஈன்றிருக்கலாம், சண்டையில் அடிபட்டு ஒதுங்கியிருக்கலாம்.

அப்புறம் சும்மா நின்று பார்ப்பார். வெளியாளுக்கு அது சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் அந்த நாளின் முக்கியமான வேலையே அதுதான். நடையில் தாங்கல் இருக்கிறதா, காது அசைகிறதா, மூக்கில் ஈரம் எப்படி, கூட்டத்தை விட்டு எதாவது தனியாக நிற்கிறதா, ராத்திரி வைத்த தீவனத்தில் எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் கவனிப்பார்.

கடமான் அடைப்பில் ஒரு கீப்பர் அண்ணன் குந்தி உட்கார்ந்து குச்சியால் புழுக்கையை உடைத்துப் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தனித்தனி உருண்டையாக, மேலே லேசான மினுமினுப்போடு இருந்தால் அவருக்கு நிம்மதி. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகவோ இளகியோ இருந்தால் தீவனம் மாறியதா, வயிற்றில் புழுவா என்று யோசனை ஓடும். உடைத்துப் பார்த்ததை முகர்ந்தும் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்தார்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், காட்டு விலங்கு தன் நோவை வெளியே காட்டாது. காட்டில் தளர்ந்து நிற்கிற மானைத்தான் புலியும் செந்நாயும் முதலில் குறிவைக்கும். அதனால் முடிந்தவரை தெம்பாக இருப்பதுபோலவே நடமாடும். படுத்துவிட்டது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கால்நடை மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், "ரெண்டு நாளா இது முகம் சரியில்ல சார்" என்று யாராவது சொன்னால்தான் அவர் வந்து பார்க்க முடியும். அதைச் சொல்கிறவர் காப்பாளர்.

இவ்வளவும் முடிந்த பிறகே கழுவுவது, கூட்டுவது எல்லாம். புலி, சிங்கம், கரடி என்றால் விலங்கை உள் அறைக்கு மாற்றி, கதவை இறக்கிப் பூட்டி, பூட்டை இன்னொருவரும் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். வாசலில் ஊதா நிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல். ஓர் அடைப்பின் கிருமி இன்னொன்றுக்குப் போகாமல் இருக்கச் செருப்பை அதில் நனைத்துவிட்டுப் போவார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருமா? தடவிக் கொடுப்பார்களா?

பெயரும் குரலும் தெரியும், நிறைய விலங்குகள் வரும். உள் அறைக்கு வரவழைக்கவே தினமும் ஒரே குரலில், ஒரே நேரத்தில் கூப்பிட்டுப் பழக்குகிறார்கள். காலைக் கம்பியோரம் வைக்கவும் வாயைத் திறந்து காட்டவும் சில விலங்குகளுக்குப் பழக்கம் உண்டு. மயக்க ஊசி போடாமலேயே காயத்தைப் பார்க்க அது உதவும்.

தடவிக் கொடுப்பதில்லை. நல்ல காப்பாளர் தன் பாசத்தைக் கையில் காட்டமாட்டார், கண்ணில்தான் காட்டுவார். நம் ஊர்க் காட்டுயிர்களைப் பார்த்துக்கொள்வதில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இது. அந்த விலங்கு அவரைத் தேடாமல், தன் கூட்டத்தோடு மேய்ந்து, சண்டை போட்டு, குட்டி போட்டு இருந்தால் அவர் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று பொருள். மனிதனோடு ஒட்டிக்கொண்ட குரங்கைக் குரங்குக் கூட்டம் சேர்த்துக்கொள்வது கஷ்டம். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். அதன் குட்டி யாருடைய மடியிலோ வளர்ந்து தன் இனத்தோடு பழகத் தெரியாமல் போனால் நமக்கு என்ன மிஞ்சும்?

புள்ளிமான் சாதுவானதுதானே? அதைப் பார்த்துக்கொள்வது சுலபம் இல்லையா?

எல்லோரும் புலிக் காப்பாளரைத்தான் வியந்து பார்க்கிறார்கள். மான் அடைப்பில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

முதலாவது, கொம்பு முற்றிய கிடா ஆபத்தானது. இணை சேரும் காலத்தில் காப்பாளரையும் முட்டவரும், அதனால் தனியாக உள்ளே போக மாட்டார்கள். இரண்டாவது, மான் பயத்தாலேயே செத்துப்போகும். மிரண்டு வெறிகொண்டு ஓடும்போது தசைகளில் அமிலம் ஏறி, தசைநார் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். துரத்திய நேரத்தில் ஒன்றும் ஆகாதது போல இருந்துவிட்டு, சில மணி நேரமோ சில நாளோ கழித்து விழுந்துவிடும். வெளிமானுக்கும் இதே கதைதான். வேலிக் கம்பியை ஆட்டிச் சத்தம் போடுகிற பையன்களைக் காப்பாளர்கள் ஏன் அவ்வளவு கோபமாகத் திட்டுகிறார்கள் என்று இப்போது புரியும்.

ஒரு மானைப் பிடித்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவது என்றால் பல நாள் ஏற்பாடு. சின்ன அடைப்புக்குள் தீவனம் வைத்துப் பழக்கி, சுற்றிலும் துணி கட்டி வெளியே தெரியாமல் மறைத்து, வெயில் ஏறும் முன்பே, பேச்சுச் சத்தம் இல்லாமல் செய்ய வேண்டும்.

என்ன சாப்பாடு போடுவார்கள்?

புலி, சிங்கத்துக்கு நாளுக்குச் சுமார் ஆறேழு கிலோ மாட்டிறைச்சி, எலும்போடு. பல பூங்காக்களில் வாரத்துக்கு ஒருநாள் பட்டினி உண்டு. காட்டில் தினமும் வேட்டை கிடைக்காது, அதனால் அது கொடுமை இல்லை. மான்களுக்குப் பசும்புல், அகத்தி போன்ற தழை, தவிடு கலந்த தீவனம், நக்குவதற்குத் தாது உப்புக் கட்டி. கரடிக்குப் பழம், கேழ்வரகு, பால், தேன். தேனைத் தட்டில் ஊற்றாமல் மரக்கட்டையில் துளை போட்டு உள்ளே தடவிவைப்பதும் உண்டு. கரையான் புற்றைத் தோண்டி உறிஞ்சுவதற்காக அமைந்த வாய் அதற்கு. அந்த வாய்க்கும் நகத்துக்கும் வேலை கொடுக்காவிட்டால் அது ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருக்கும்.

நாங்கள் கொண்டுபோகிற பிஸ்கட், பழம் கொடுக்கலாமா?

கூடாது. பையோடு எறிந்தால் இன்னும் மோசம். உப்பு ஒட்டிய பிளாஸ்டிக் பையை மான் தின்றுவிடும். அது இரைப்பையில் சுருண்டு அடைத்து, வயிறு நிறைந்தது போலவே இருந்து பட்டினியில் சாகும்.

மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியைப் பாகன் பார்த்துக்கொண்டாரே, அதுவும் இதே வேலையா?

2022 நவம்பர் 30-ஆம் தேதி காலை நடைப்பயிற்சியின்போது லட்சுமி சரிந்து விழுந்து இறந்த அன்று புதுச்சேரியே தெருவில் நின்று அழுதது. அவள் தும்பிக்கையால் தலையில் தொட்ட பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். அதனால் இந்தக் கேள்வியை மரியாதையோடுதான் அணுகுகிறேன்.

பாகனின் வேலை வேறு. ஒரு யானைக்கு ஒரு மனிதன் என்று, உடம்போடு உடம்பாக, குளிப்பாட்டி, நடத்தி, கூடவே தூங்கி எழுகிற வாழ்க்கை அது. அந்த நெருக்கத்தில் ஒருவருக்கொருவர் காட்டும் நம்பிக்கை பெரிது, அதேபோல ஆபத்தும் பெரிது. பூங்காக் காப்பாளர் பல விலங்குகளைப் பார்க்கிறார், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். யானைகளுக்குக்கூட உலகம் முழுக்க இப்போது இப்படித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கிற முறைக்குத்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள். யானை கூட்டமாக வாழ்கிற உயிர், ஒரு மனிதன் எவ்வளவு அன்பு கொட்டினாலும் இன்னொரு யானையாக முடியாது என்பது என் கருத்து. பாகன்கள் பலரும் இதை ஒத்துக்கொள்வார்கள்.

புயல் வந்தால் அந்த விலங்குகள் என்ன செய்யும்?

2011 டிசம்பர் கடைசியில் தானே புயலைப் பார்த்த நம் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி இது. எச்சரிக்கை வந்ததும் விலங்குகளை உள் அறைக்குள் மாற்றிவிடுவார்கள். சாய்கிற கிளைகளை வெட்டுவது, சில நாளைக்குத் தீவனமும் இறைச்சியும் சேர்த்துவைப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்புவது எல்லாம் முன்கூட்டியே நடக்கும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தபோது வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன, சுற்றுச்சுவரும் பல இடங்களில் உடைந்தது. பார்வையாளர்களுக்கு வாரக்கணக்கில் கதவடைப்பு. விலங்குகளுக்கு லீவு விட முடியுமா? விழுந்த மரங்களுக்கு நடுவே புல்கட்டைத் தோளில் சுமந்துபோய்த் தீவனம் வைத்தவர்களுக்கும் வீடு இருந்தது, அந்த வீட்டுக் கூரையும் அதே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சிதம்பரம் பக்கம் முதலை பிடிக்கிறவர்கள் அதை எங்கே கொண்டுபோகிறார்கள்?

பழைய கொள்ளிடக் கரையோர ஊர்களில் குளத்திலும் வாய்க்காலிலும் முதலை வருவது அந்த மக்களுக்குத் தெரிந்த சங்கதி. தகவல் கிடைத்ததும் வனத்துறை ஆட்கள் வந்து பிடித்து, பெரும்பாலும் வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள்.

பிடிக்கும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் மரியாதை வரும். சுருக்குக் கயிறு போட்டு இழுத்ததும் முதலில் கண்ணை ஈரச் சாக்கால் மூடுவார்கள். கண் மறைந்ததும் பாதித் திமிறல் அடங்கும். அடுத்து வாயைக் கட்டுவார்கள். முதலைக்கு வாயை மூடுகிற தசைதான் பலம், திறக்கிற தசை பலவீனம். அதனால் நாலு சுற்றுக் கயிறே போதும். கட்டும்போது மூக்குத்துளை மூடாமல் பார்ப்பது முக்கியம். விடும்போது வாய்க்கட்டைத்தான் கடைசியாக அவிழ்ப்பார்கள்.

இங்கேயும் மான் விஷயம்தான். ரொம்ப நேரம் போராடவிட்டால் முதலையின் ரத்தத்தில் அமிலம் ஏறிச் செத்துவிடலாம். செல்போனைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கரையை அடைத்து நின்றால் அந்தப் போராட்டம் நீளும். தயவுசெய்து விலகி நில்லுங்கள்.

ஆமை முட்டைகளை ஏன் எடுத்து வேறு இடத்தில் புதைக்கிறார்கள்? அப்படியே விடக் கூடாதா?

விட முடிந்தால் அதுதான் நல்லது. நம் கடற்கரையில் நாய்களும் நரிகளும் மனிதர்களும் கிளறிவிடுகிறார்கள், சில இடங்களில் அலை அரித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பொரிப்பகம்.

பங்குனி ஆமைகள் ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை ராத்திரியில் கரையேறும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் மீனவக் கிராமத்து இளைஞர்களும் தன்னார்வலர்களும் ராத்திரி முழுக்க நடந்து, மணலில் துடுப்புத் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். முட்டை பிங்பாங் பந்து அளவில் வெள்ளையாக இருக்கும், ஓடு தோல்போல அமுங்கும். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நேரம் போனால் உள்ளே கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால் பழகிய கை முட்டையை உருட்டாது, இருந்த வாக்கிலேயே தூக்கி வாளியில் மணலோடு அடுக்கும். பொரிப்பகத்தில் தாய் தோண்டியது போலவே முக்கால் கை ஆழத்தில், அடி அகன்ற குழி தோண்டிப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிக் குச்சி நடுவார்கள்.

குஞ்சு வெளிவர 45 முதல் 55 நாள் ஆகும். மணல் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்துக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும். சூடு கூடினால் பெண் அதிகம். அதற்காகத்தான் சில இடங்களில் மேலே நிழல்வலை கட்டியிருப்பார்கள்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குஞ்சைக் கையில் எடுத்துக் கடலில் விட ஆசைப்படுகிறார்கள். அது தானாக மணலில் ஊர்ந்து போகட்டும். டார்ச், செல்போன் வெளிச்சம் காட்டாதீர்கள். வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல் என்று அது நம்பும்.

வீட்டு வாசலில் ஆந்தைக் குஞ்சு விழுந்து கிடக்கிறது. என்ன செய்வது?

காயம் இல்லை என்றால் கூடு இருக்கும் மரத்திலோ பரணிலோ திரும்ப வையுங்கள். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. கூடு எட்டாவிட்டால் ஓர் அட்டைப் பெட்டியில் துணி போட்டு, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். இரவில் தாய் வந்துவிடும்.

பால் ஊற்றாதீர்கள். பறவைக்குப் பால் செரிக்காது. வாயைத் திறந்து தண்ணீர் விடவும் கூடாது, மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அடிபட்டிருந்தால் இருட்டான பெட்டியில், சத்தம் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள். பாம்பு என்றால் 101-க்கு அடித்தால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள். அடிக்கப் போகாதீர்கள்.

கிணற்றில் ஆமை விட்டிருக்கிறோம். வீட்டில் பச்சைக்கிளியும் இருக்கிறது. தப்பா?

தப்புதான். தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று காலங்காலமாகக் கிணற்றில் ஆமை விடுகிறோம். அந்தப் பால் ஆமையும், நட்சத்திர ஆமையும், பச்சைக்கிளியும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கெட்ட எண்ணம் இல்லாமல் வளர்த்தவர்களே அதிகம் என்பதை அறிவேன். நீங்களாகவே குளத்திலோ மரத்திலோ விட்டுவிடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சிறகு வெட்டிய கிளி வெளியே ஒருநாள்கூடத் தாங்காது.

இந்த வேலையில் பயம் இல்லையா?

உண்டு. ஆனால் பாய்ச்சலைவிடத் தொற்றுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். காசநோய் மனிதனுக்கும் குரங்குக்கும் இடையே இரண்டு பக்கமும் தாவும். அதனால் மருத்துவப் பரிசோதனை, வெறிநோய்த் தடுப்பூசி எல்லாம் வேலையின் பகுதி. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து நீலா உட்பட இரண்டு சிங்கங்கள் இறந்தன. மூச்சுக்காற்றே விலங்கைக் கொல்லும் என்று ஆன பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு தள்ளி நின்று வைத்தியம் பார்த்தார்கள்.

பெண்கள் இந்த வேலைக்கு வருகிறார்களா?

வருகிறார்கள். மருத்துவர், உயிரியலாளர், வனச்சரகர் என்று நிறையப் பேர். 2023-இல் முதுமலை தெப்பக்காடு முகாமில் பெள்ளி அம்மாள் பாகனுக்கு உதவியாக யானைகளைப் பராமரிக்கும் காவடிப் பணியில் நிரந்தரமாக நியமிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்.

எங்கள் பையனுக்கு இதில் ஆசை. என்ன படிக்க வேண்டும்? சம்பளம் எப்படி?

மருத்துவம் என்றால் கால்நடை மருத்துவப் பட்டம். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. காட்டுயிர் ஆராய்ச்சி என்றால் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் முதுகலைப் படிப்பு உண்டு. கடல் உயிர்களில் ஆர்வம் என்றால் நம் பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது.

காப்பாளராக இருக்கப் பெரிய பட்டம் வேண்டாம், பொறுமையும் கண்ணும்தான் வேண்டும். ஆனால் சம்பளத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல பூங்காக்களில் காப்பாளர்கள் தினக்கூலியாகவோ ஒப்பந்தத்திலோதான் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். புலியின் பூட்டை ஒப்படைக்கிற அளவுக்கு நம்புகிற ஆளுக்கு நிரந்தர வேலை கொடுக்காதது எனக்கு நியாயமாகப் படவில்லை. பையனிடம் இதையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அனுப்புங்கள்.

வண்டலூர் போனால் காப்பாளர்களிடம் பேசலாமா?

தாராளமாக. கதவு திறக்கும்போதும் தீவனம் வைக்கும்போதும் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள், கவனம் சிதறினால் உயிருக்கே ஆபத்து. வேலை முடித்து நிற்கும்போது "இன்னைக்கு நல்லா சாப்பிட்டுச்சாண்ணே?" என்று கேட்டால் போதும், மற்றதை அவரே சொல்வார். கடலூரிலிருந்து திண்டிவனம் வழியாகப் போகும் சென்னை வண்டி ஏறிக் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.